ஆறு நிமிட இருட்டு

என் வேலை சத்தம் போடுவது. அதுவும் கேட்டும் கேட்காத அளவுக்குச் சின்னச் சத்தம். ரயில்வே ஆஸ்பத்திரியின் மாடியில் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறை உண்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் காதில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒருவர், கையில் ஒரு பொத்தானோடு உட்கார்ந்திருப்பார். நான் 'பீப்' என்று ஒரு சத்தம் அனுப்புவேன். கேட்டால் அவர் பொத்தானை அழுத்துவார். என் மேசையில் ஒரு விளக்கு எரியும். நான் தாளில் ஒரு வட்டம் போடுவேன். ஒரு நாளைக்கு முப்பது பேர். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு.

அதனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குச் சத்தமே ஆகாது. குழாய் சொட்டினால் எரிச்சல், பக்கத்து வீட்டில் நாற்காலி இழுத்தால் எரிச்சல். "உங்களுக்குச் சோறு போடறதே சத்தம்தான், வீட்டுக்கு வந்தா மட்டும் அது எதிரியாப் போயிடுமா?" என்று என் மனைவி கேட்பாள். போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வேன்.

அப்பேர்ப்பட்ட என்னைத்தான் நெட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்குக் கூப்பிட்டான்.

நெட்டை பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குக் கூட்டாளி. ஆறாம் வகுப்பிலேயே கரும்பலகையின் மேல் விளிம்பைத் துடைக்க வாத்தியார் அவனைத்தான் கூப்பிடுவார். இப்போது சரக்கு யார்டில் ஷண்டிங் இன்ஜின் ஓட்டுகிறான். பெட்டிகளை இழுத்துப் போய்ச் சேர்ப்பதும் பிரிப்பதும்தான் வேலை. வெளியூர் போகாத, கூட்டம் கையாட்டாத ரயில். ஆனாலும் அந்த வண்டியை அவன் துடைக்கிற அழகைப் பார்க்க வேண்டும். யார்டுக்காரர்கள் எல்லாருக்கும் வருஷம் ஒரு தடவை காது சோதனை உண்டு. கடந்த மூன்று வருஷமும் அவன் தாளில் 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.

இதெல்லாம் கிளம்பியது அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அவன் மனைவி போன் செய்தாள். கல்யாணத்தன்று எனக்குத் தங்கச்சி ஆனவள்.

"அண்ணே, வர்ற செவ்வாக்கிழமை அவருக்குக் காது டெஸ்ட் இருக்குல்ல?"

"இருக்கும்மா. வருஷா வருஷம் வர்றதுதானே."

"இந்தத் தடவை கொஞ்சம் நல்லாப் பாருங்கண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. "எப்பவும் நல்லாத்தாம்மா பாக்கறேன்."

"கோவிச்சுக்காதீங்க. வீட்டுல டிவிய சத்தமே இல்லாம வச்சுப் பாக்கறாரு. கூட்டி வைங்கன்னா, உனக்குத்தான் காது மந்தம்ங்கறாரு. கீழ எழுத்து ஓடற படமாப் பாத்துப் பாத்து, இப்ப நானும் வேகமாப் படிக்கப் பழகிட்டேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"போன வாரம் இவரு வண்டியில வேலை பாக்கற என் தம்பி ரெண்டு பெட்டிக்கு நடுவுல நின்னு கொக்கி மாட்டிட்டிருந்தான். விசில் அடிச்சிருக்கான். வண்டி நிக்கல. இன்னும் ரெண்டு அடி வந்துச்சாம். அவன் குனிஞ்சு வெளியே பாஞ்சிருக்கான். பேன்ட்டு முட்டியில கிழிஞ்சு வந்து நின்னான். இவரு என்னடான்னா பிரேக் கட்டை தேஞ்சு போச்சுங்கறாரு."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். விஷயம் இரண்டே இரண்டுதான். நெட்டைக்குக் காது கேட்கவில்லை என்றால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஸ்டோரில் ஒரு மேசையைக் கொடுத்து, நட்டையும் போல்ட்டையும் எண்ணச் சொல்வார்கள். "என்னை வண்டியை விட்டு இறக்கினா அன்னிக்கே நான் காலிடா" என்று அவன் பல தடவை சொல்லியிருக்கிறான், விளையாட்டாகச் சொன்னதில்லை. இறக்காவிட்டால், அவன் மச்சினன் தினமும் அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் போய் நிற்பான். நடுவில் என் கையெழுத்து. எனக்குப் பயமாக இருந்தது, அதைவிட அலுப்பாக இருந்தது. இந்த வயதில் இது ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் வேலை முடிந்து வெளியே வந்தால், ஆஸ்பத்திரி வாசலில் நெட்டை நிற்கிறான். கையில் இரண்டு டிக்கெட்.

"நாளைக்கு நாலு மணிக்கு. நீ வர்றே."

டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் கேள்வியே படாத பெயர்.

"யாருடா இது?"

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாமயா டிக்கெட் வாங்கினே?"

"தெரியாதுங்கறதாலதான் வாங்கினேன்" என்றான்.

சனிக்கிழமை முப்பத்தெட்டுப் பேருக்கு 'பீப்' அனுப்பிவிட்டு வந்தவன் நான். மண்டைக்குள் இன்னும் அது அடித்துக்கொண்டே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பியிருப்பேன். தங்கச்சியின் போன் என் வாயைக் கட்டிப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் அவன். நான் பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் அப்படித்தான் பார்ப்பான். பாசம் என்று நினைத்திருந்தேன்.

"தெரிஞ்ச பாட்டுன்னா முதல் ரெண்டு வரி போதும்டா, மிச்சத்தை மனசே பாடிக்கும்" என்று அவனாகவே ஆரம்பித்தான். "காது கேக்குதா, மனசு பாடுதான்னு நமக்கே தெரியாது. தெரியாத ஆளுன்னா அப்படி ஏமாத்த முடியாது."

"யாரை ஏமாத்தறே?"

"யாரையும் இல்ல. அவ உனக்கு போன் பண்ணினது எனக்குத் தெரியும். நீ பக்கத்துல உக்காந்து பாரு. எனக்கு எல்லாம் கேக்குதுன்னு நீயே பாத்துட்டுப் போய் அவகிட்ட சொல்லு. நீ சொன்னா நம்புவா."

"செவ்வாக்கிழமைதான் டெஸ்ட் இருக்கே."

"அது ஆபீசுக்கு. இது வீட்டுக்கு" என்றான்.

கச்சேரி ஒரு நூலகத்தின் மேல்மாடியில். நூறு நாற்காலி இருக்கும், பாதிதான் நிரம்பியிருந்தது. ஜன்னல்களில் கனத்த திரை. நெட்டை நேராக இரண்டாவது வரிசைக்குப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தான். பின்னால் உட்கார்ந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான் போட்டு வைத்திருந்த திட்டம் மண்ணாய்ப் போயிற்று.

வாசிக்க வந்தது ஐம்பதை ஒட்டிய ஒரு பெண்மணி. வில்லால் இழுத்து வாசிக்கிற ஒரு பெரிய நரம்பு வாத்தியம். அதைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார். சளி பிடித்திருந்தது போலும், கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு. இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி இருந்தார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. இவருக்கும் இன்று லீவு இல்லை.

வாசிக்க ஆரம்பித்தார். நல்லது கெட்டது சொல்ல எனக்கு ஞானம் போதாது. தாழ்ந்த, கனத்த சத்தங்கள் வரும்போது நாற்காலியின் காலே அதிர்ந்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல் வில் போய்ப் போய் வந்தது. பத்து நிமிஷத்தில் எனக்குக் கண் சொக்கியது. தலை சாய்ந்து, வெடுக்கென்று நிமிர்ந்தபோதுதான் நெட்டையின் கை கண்ணில் பட்டது.

ஆள்காட்டி விரலால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பிசகே இல்லாத தாளம். வில் திரும்பும் இடமெல்லாம் விரல் விழுந்தது. வேகம் கூடினால் கூடியது, தணிந்தால் தணிந்தது. முகத்தில் அப்படி ஒரு லயிப்பு.

அப்பாடா என்று இருந்தது. உண்மையிலேயே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பாவம் தங்கச்சி, தம்பி பயந்ததைப் பார்த்துத் தானும் பயந்துவிட்டாள். பிரேக் கட்டை தேய்ந்துதான் இருக்கும். என் கையெழுத்தும் பிழைத்தது, அவன் வண்டியும் பிழைத்தது. இனி முறையாகவே தூங்கலாம் என்று கண்ணை மூடினேன்.

நாலைந்து உருப்படி போயிருக்கும். அந்தப் பெண்மணி வாத்தியத்தின் கழுத்துப் பக்கம் குனிந்து நரம்பை முறுக்கிக்கொண்டே, அடைத்த தொண்டையில் சொன்னார். "அடுத்ததை இருட்டுல வாசிக்கறேன். என் அம்மா கண்ணு தெரியாம இருந்தப்ப அவங்களுக்காகப் போட்டது. விளக்கெல்லாம் அணைச்சுடுங்க."

ஒரு பெண் எழுந்து போய்ச் சுவிட்சுகளை வரிசையாக அணைத்தாள். திரை போட்ட ஜன்னல், வெளிச்சம் துளிகூட இல்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: நெட்டையின் கைக்கடிகாரம். யார்டுக்காரர்கள் கட்டுவது, இருட்டில் பச்சையாக முள் தெரியும்.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. மேலே, மிக மெல்லிதாக, அறுந்துவிடும் போல ஒற்றை இழை. இருபத்திரண்டு வருஷமாக மெல்லிய சத்தங்களை ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறவன் நான். அவற்றுக்கு யாரும் எதையும் செய்ததில்லை, பொத்தானை அழுத்தியதைத் தவிர. இது அப்படியில்லை. யாரோ யாரையோ எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டுப் போகப் பார்க்கிறார்கள், போக மனசு வரவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. அழுதுவிடுவேனோ என்றுகூட இருந்தது.

அப்போதுதான் பச்சை முள்ளைப் பார்த்தேன். அது தாளத்துக்கு அசையவில்லை. முழங்கால் மேல் வைத்த கை வைத்தபடியே இருந்தது. சத்தம் ஏறியது, இறங்கியது, நின்று மறுபடி வந்தது. முள் அப்படியே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது மேலே எழுந்து அவன் முகத்தருகே போனது. மணி பார்க்கிறான்.

"கரண்ட் போச்சு போல" என்றான் நெட்டை, பஸ் ஸ்டாப்பில் பேசுகிற குரலில். "வந்ததும் ஆரம்பிப்பாங்க."

மூன்று நான்கு பேர் 'ஷ்ஷ்' என்றார்கள். "கரண்ட் இல்லேன்னாலும் நல்ல காத்தோட்டமான எடம், இல்ல?" என்றான் அடுத்து. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். அவன் புரிந்துகொண்டானோ என்னவோ, பேசாமல் இருந்தான்.

மிச்ச நேரமும் அந்தக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் தாளம் போட்டது வில்லுக்கு. என் அறையிலும் அதேதான். விதிப்படி சோதனைக்கு வருகிறவர் எனக்குப் பக்கவாட்டில் உட்கார வேண்டும், என்னைப் பார்க்கக்கூடாது. ஆனால் பொத்தானின் வயர் குட்டை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அறுந்ததை ஒட்டியபோது அரை அடி போய்விட்டது. நாற்காலியைக் கண்ணாடிக்கு நேராகப் போட்டால்தான் எட்டும். புது வயர் கேட்டு எழுத எனக்குச் சோம்பல். சத்தம் அனுப்புவேன், உடனே பேனாவோடு தாளைப் பார்த்துக் குனிவேன். நான் குனிந்தால் அவன் அழுத்துவான்.

விளக்கு எரிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நெட்டையும் தட்டினான்.

படியிறங்கி வந்தோம். வெளியே இன்னும் வெயில் இருந்தது. நூலகத்துக்கு எதிரில் ஒரு கல் பெஞ்சு, அதில் உட்கார்ந்தோம்.

"ஆறு நிமிஷம் கரண்ட் இல்லடா. பாவம், அந்தம்மா எவ்வளவு நேரம் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்களோ" என்றான். "மத்தபடி எப்படி? பாத்தேல்ல, ஒரு எடம் விடல நான்."

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். அவ்வளவு களைப்பு. ஆனால் கிழிந்த பேன்ட் முட்டி ஒன்று கண் முன்னால் வந்து நின்றது.

"கரண்ட் போகலடா" என்றேன்.

அவன் என் வாயையே பார்த்தான்.

"அவங்கதான் விளக்க அணைக்கச் சொன்னாங்க. இருட்டுல வாசிச்சாங்க."

"வாசிச்சாங்களா?"

"ம்."

"ஆறு நிமிஷமுமா?"

"ஆறு நிமிஷமும்."

அவன் திரும்பித் தெருவைப் பார்த்தான். ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. அவன் என் பக்கம் திரும்பாதவரை பேசிப் பயனில்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

கடைசியில் திரும்பினான். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

நான் எதிர்பார்க்காத கேள்வி. "நல்லா இருந்துச்சு" என்றேன்.

"எப்படின்னு சொல்லேன்."

"எனக்குச் சொல்லத் தெரியாதுடா. நான் தூங்கல. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"நீயே தூங்கலன்னா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றான். லேசாகச் சிரித்தான். பிறகு சிரிப்பு தானாக நின்றது. "அப்ப அவன் விசில் அடிச்சிருக்கான்."

"அடிச்சிருப்பான்."

"அவனைப் பொய்க்காரன்னு சொல்லிட்டேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தவனை, எல்லார் முன்னாடியும்."

"தப்பு உன்மேல மட்டும் இல்ல" என்றேன். "நான் குனியறதப் பாத்துத்தானே அழுத்துவே?"

"முதல் வருஷம் எனக்கே தெரியாம செஞ்சேன். ரெண்டாவது வருஷம் தெரிஞ்சே செஞ்சேன்."

"மூணாவது?"

"மூணாவது வருஷம் பாக்கவே வேண்டியதில்ல. நீ நாலு எண்ணிட்டு ஒண்ணு அனுப்புவே. நாலு எண்ணிட்டு ஒண்ணு. கடியாரம் தோத்துடும்டா உன்கிட்ட."

இடைவெளி விட்டு விட்டு, முன்னே பின்னே மாற்றித்தான் அனுப்ப வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்தது. என் கை எந்த வருஷத்திலிருந்து நாலு எண்ண ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எத்தனை பேர் என் எண்ணிக்கைக்குப் பொத்தானை அழுத்திவிட்டுப் போய், எந்தெந்த வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்களோ.

"நாளைக்கு?" என்று கேட்டேன்.

"லீவு சொல்லிடறேன்." எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். "செவ்வாக்கிழமை வர்றேன்."

தகுதி போட்டுவிடு என்று அவன் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை. பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றான், ஜன்னலோரத்தை மறுபடியும் எனக்கே விட்டான்.

செவ்வாய்க்கிழமை பதினோராவது ஆளாக வந்தான். சலவை செய்த சட்டை, வழித்து வாரிய தலை. வண்டிக்குப் போகும் நாளில்தான் அப்படி வருவான். உள்ளே போனவன் வழக்கமான நாற்காலியில் உட்காரவில்லை. அதைத் தூக்கித் திருப்பி, சுவரைப் பார்க்கப் போட்டான். அப்புறம் உட்கார்ந்தான். வயர் எட்டவில்லை. பொத்தானைத் தரையில் வைத்துவிட்டு, "கேட்டா கையத் தூக்கறேன்" என்றான், என் பக்கம் பார்க்காமல்.

ஹெட்ஃபோனை நானே போய் மாட்டிவிட்டேன். அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அப்பால் அவன் முதுகும், ஹெட்ஃபோன் பட்டைக்குக் கீழே நரைத்த பிடரியும் மட்டும் தெரிந்தன. இரண்டு கையும் மடியில்.

தகுதிக்கு எந்த அளவு சத்தம் கேட்க வேண்டுமோ அந்த அளவில் வைத்தேன். முதல் சத்தத்தை அனுப்பினேன். ஏழு எண்ணி அடுத்தது. இரண்டு எண்ணி அடுத்தது. ஐந்து எண்ணி, ஒன்று எண்ணி, பத்து எண்ணி. என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக நான் வேலை செய்ததில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தக் கையைப் பார்த்தேன். தூக்கு, நெட்டை, ஒரு தடவை தூக்கு என்று வாய்விட்டே சொன்னேன். கை மடியிலேயே இருந்தது. தாளில் வட்டம் போட எதுவும் இல்லை.

ஒன்பதாவது சத்தமும் போய்விட்டது. அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான், சுவரைப் பார்த்தபடியே.

"நான் ரெடிடா" என்று என் மேசை ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. "ஆரம்பி."

பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். கனத்த கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, சுவருக்கும் அவனுக்கும் நடுவில் அவன் முகத்துக்கு நேராக நின்றேன். அங்கே நின்று சொன்னால்தான் அவனுக்குக் கேட்கும்.